வடமேற்கு மூலை

என் அண்ணியைப் பார்த்து யாராவது ‘பாவம்’ என்று சொன்னால் எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிடும். அண்ணிக்கு அதற்கு முன்னாலேயே வந்திருக்கும். அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியில் வீடு திரும்பிய அன்று எங்கள் தெருவில் ஒரு அம்மாள், நல்ல மனசுக்காரிதான், வாசல் வரைக்கும் வந்து அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னம்மா செய்யறது, உன் தலையெழுத்து இப்படி ஆயிடுச்சு" என்றார். அண்ணி கையை உருவிக்கொண்டு, "என் தலையெழுத்து நல்லாத்தான் இருக்கு. கையெழுத்துதான் கொஞ்சம் கோணல்" என்று சொல்லிவிட்டு நாற்காலியை உள்ளே தள்ளிக்கொண்டு போனார். அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் சிரித்துத் தொலைத்தேன். சிரிக்கிற நிலைமையில் அன்று நாங்கள் யாரும் இல்லை என்பது வேறு விஷயம்.

அந்த அண்ணியைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். பொறுமையின் சிகரம், தியாகத்தின் திருவுருவம் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம். பொறுமை எங்கள் குடும்பத்தில் ஒருத்தருக்கும் கிடையாது. வெளியிலிருந்து வருகிறவருக்காவது இருக்கும் என்று நினைத்துத்தான் அண்ணன் கட்டிக்கொண்டாராம். ஏமாந்தார்.

எங்கள் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். அண்ணனும் நானும் பயிருக்கு மருந்தடிக்கும் விமானம் ஓட்டுகிறவர்கள். ஒரே ஒரு ஆள் உட்காரும் விமானம். ஆளுக்கு முன்னால் மருந்துத் தொட்டி, இறக்கைக்கு அடியில் வரிசையாகத் தெளிப்பான்கள். ஆகாயத்தில் பறக்கிற பிள்ளைகள் என்று சொந்தக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். ஆகாயம் எங்கே இருக்கிறது? பயிருக்கும் எங்கள் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு ஆள் நின்றால் தலை இடிக்கும். அந்த உயரத்தில், நெடுஞ்சாலையில் எந்த வண்டியும் போகாத வேகத்தில், காலையிலிருந்து காற்று ஏறும் வரைக்கும் போவதும் வருவதுமாக இருப்போம்.

அந்த உயரத்தில் மரம் தெரியும், கொட்டகை தெரியும். கம்பி தெரியாது. மின்கம்பி என்பது பத்தடி தூரத்தில்தான் கண்ணுக்கே வரும், அப்போது வந்து என்ன பிரயோஜனம்? அதனால் நாங்கள் கம்பியைத் தேடுவதில்லை, கம்பத்தைத் தேடுவோம். ஒரு கம்பத்திலிருந்து இன்னொரு கம்பத்துக்கு மனசுக்குள் ஒரு கோடு இழுத்துக்கொள்வோம். வேலை தொடங்கும் முன் வயலை உயரத்தில் ஒரு சுற்று சுற்றி, கோடுகளை எண்ணி, மண்டைக்குள் வைத்துக்கொண்டுதான் இறங்குவோம்.

அண்ணி கீழே நிற்கிறவர். மருந்தைத் தண்ணீரில் கலந்து, விமானம் வந்து நின்றதும் மூன்று அங்குலக் குழாயைத் தொட்டியில் மாட்டி, வால்வைத் திறந்து ஏற்றிவிடுவது அவர் வேலை. ஏற்றும்போது என்ஜினை நிறுத்த மாட்டோம். காதடைக்கிற சத்தம். காதுக்கு மூடி போட்டு, அதற்குள் ரேடியோ. நாங்கள் பேசுவதும் அவர் பேசுவதும் ஒரே அலைவரிசை. ஆபீஸ் அறையில் முதலாளி மேஜையில் இருக்கும் பெட்டியிலும் அதே சத்தம் கேட்கும். ஆகவே அண்ணன் அண்ணி சண்டைகள் பாதி, கம்பெனி முழுவதும் கேட்டவைதான்.

அண்ணன் விழுந்தது ஒரு மக்காச்சோள வயலில். நீளமான வயல். மேற்கே ரோட்டை ஒட்டி மூன்று கம்பி, கிழக்கு எல்லையில் ஒன்று. அப்புறம் ரோட்டுக் கம்பத்திலிருந்து கிளம்பி, வடமேற்கு மூலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு பம்புசெட்டுக்குப் போவது ஒன்று. மொத்தம் ஐந்து. அண்ணன் அதைப் பார்த்தார், எண்ணினார். வடமேற்கு மூலைக்குள் இறங்கினால் அந்தக் குறுக்குக் கம்பியில் மாட்டுவோம் என்று தெரிந்து, ஒவ்வொரு நடையிலும் அதற்கு முன்னாலேயே தூக்கிக்கொண்டு திரும்பினார். பத்து லோடு அப்படி அடித்தார். மூலையில் ஒரு முக்கோணம் மருந்து படாமல் நின்றது. அவர் தெரிந்தே விட்டது அது.

வயல்காரர் அதைப் பார்த்துவிட்டு ஆபீசுக்கு போன் செய்தார். முதலாளி அண்ணியிடம் சொன்னார். பதினோராவது லோடு ஏற்றும்போது அண்ணி ரேடியோவில் அண்ணனிடம் சொன்னார்: "ஏங்க, வடமேற்கு மூலை விட்டுப்போச்சாம். அதையும் அடிச்சிட்டு வந்துடுங்களேன்."

அண்ணன் "சரி" என்றார். எட்டு நிமிஷத்தில் அந்த மூலைக்குள் இறங்கினார்.

உயிர் தப்பியது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றார்கள். "தலைப்பாகையோட போகல, இடுப்போட போச்சு" என்றார் அண்ணி. யானைக்கும் அடி சறுக்கும் என்று ஒருவர் ஆறுதல் சொன்னார். "யானைக்குச் சறுக்கினா எதுல சறுக்கிச்சுன்னு தரையைப் பார்க்க மாட்டீங்களா?" என்று கேட்டார். அதற்கப்புறம் ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் கூட்டம் குறைந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். மரியாதையான மனிதர். ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் பேப்பரை வைத்துக்கொண்டு எழுதினார். கம்பி இருப்பது அண்ணனுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றோம். அண்ணி தானாகவே முன்னால் வந்து, "மூலை விட்டுப்போச்சுன்னு நான்தான் சார் சொன்னேன். நான் சொல்லாம இருந்தா அவர் போயிருக்க மாட்டார். அதையும் எழுதிக்குங்க" என்றார்.

அதிகாரி பேனாவை மூடினார். "அதெல்லாம் எழுதினா உங்களுக்குத்தாம்மா கஷ்டம். ஏற்கெனவே பட்டது போதும்" என்றார்.

அறிக்கை வந்தது. மூன்றே வரி. விமானி தமக்கு ஏற்கெனவே தெரிந்த தடையில் மோதினார், காரணம் விமானியின் கவனக்குறைவு, வேறு யாரும் பொறுப்பல்ல. அண்ணி அதை நின்றபடி இரண்டு தடவை படித்தார். முகம் சிவந்துவிட்டது. அந்த மனிதர் இரக்கப்பட்டு நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டார். அந்த இரக்கத்தில் அண்ணன் கவனமில்லாதவர் ஆனார், அண்ணி பாவம் ஆனார், நடந்தது என்னவென்று ஒருத்தருக்கும் தெரியாமல் போயிற்று. எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம், நான் அங்கே இருந்தேன், அண்ணி காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துப் பின்பக்கத்தைத் திருப்பி அண்ணன் முன்னால் வைத்தார். இரண்டே அறை கொண்ட வீடு. நாற்காலி திரும்புவதற்காகக் கட்டிலை நான்தான் சுவரோடு ஒட்டிப் போட்டுக் கொடுத்திருந்தேன்.

"அந்த வயலை வரைங்க" என்றார்.

"எதுக்கு?"

"வரைங்களேன்."

அண்ணன் வரைந்தார். முதலில் போட்ட கோடே அந்தக் குறுக்குக் கம்பிதான். அப்புறம்தான் ரோடு, பம்புசெட்டு, எல்லை எல்லாம். அண்ணி அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தார்.

"இவ்வளவு தெரிஞ்சுமா உள்ள போனீங்க?"

அண்ணன் பென்சிலைக் கீழே வைத்தார். "மூலை விட்டுப்போச்சுன்னு சொன்ன. அட, விட்டுட்டோமேன்னு தோணிச்சு. எதுக்கு விட்டேன்னு தோணல" என்றார்.

அண்ணி அழுதார். நன்றாகவே அழுதார். அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, தாளை மடித்துக் கைப்பையில் வைத்தார். அடுத்த வாரம் வேலைக்குப் போய் நின்றார்.

முதலாளி அவருக்கு ஆபீஸில் ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, ஒரு தொலைபேசி ஏற்பாடு செய்திருந்தார். "வெயில் படாத வேலைம்மா" என்றார். "வெயில் என்ன சார் பண்ணிச்சு? கம்பிதான பண்ணிச்சு" என்று சொல்லிவிட்டு அண்ணி நேராகக் கலவைக் கொட்டகைக்குப் போனார். அந்த வால்வுக்கு ஒரு பித்தளைக் கைப்பிடி உண்டு, ஒரு சாண் நீளம், திருகைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். அண்ணி அதைக் கழற்றி, ஒரு கயிற்றில் கோத்து, இடுப்பில் கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து கம்பெனியில் அவருக்குப் பெயர் ‘கைப்பிடி’.

சட்டம் இதுதான். விமானம் வந்து நிற்கும். அண்ணி குழாயை மாட்டுவார். ரேடியோவில், "கம்பி சொல்லுங்க" என்பார். எந்த வயலுக்குப் போகிறோமோ அதில் எங்கே எத்தனை கம்பி என்று நாங்கள் சொல்ல வேண்டும். சொன்னால் இடுப்பிலிருந்து கைப்பிடி வரும், வால்வு திறக்கும். சொல்லாவிட்டால் திறக்காது. நாங்கள் சொல்வது சரியா தப்பா என்று அவருக்கு எப்படித் தெரியும்? முந்தின நாளே ஸ்கூட்டரில் போய் ஒவ்வொரு வயலையும் சுற்றி, கம்பம் கம்பமாக நின்று, நோட்டில் வரைந்து வைத்துக்கொண்டிருப்பார். லோடு ஏற்றும்போது வேறு யாரும் எங்களிடம் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்பது இரண்டாவது சட்டம். முதலாளிக்கும் சேர்த்துத்தான்.

எங்களோடு இன்னொரு விமானி இருந்தார். பெரிய மீசை, அதனால் மீசை. இருபது வருஷ அனுபவம். "பள்ளிக்கூடத்துலகூட நான் இத்தனை வாய்ப்பாடு சொன்னதில்ல. தப்பாச் சொன்னா பெஞ்சு மேல ஏத்துவீங்களா டீச்சர்?" என்று ரேடியோவில் கேட்பார். "ஏற மாட்டீங்க. இறங்குவீங்க" என்பார் அண்ணி. முதலாளி கடிகாரத்தைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார். ஒரு லோடுக்குக் கால் நிமிஷம், ஒரு காலைக்கு நாற்பது லோடு. எரிச்சல்பட்டாலும் விட்டுவைத்தார். மருந்தை அளவு பிசகாமல் கலக்க அண்ணியை விட்டால் அங்கே வேறு நாதி இல்லை.

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. இங்கேதான் என் வண்டவாளத்தைச் சொல்ல வேண்டும்.

எதையும் தினமும் இருபது தடவை சொன்னால் அது வாயில் போய் உட்கார்ந்துகொள்ளும், மூளைக்கு வேலை இருக்காது. ‘கம்பி சொல்லுங்க’ என்றால் என் வாய் தானாக ஓடும். தண்ணீர் குடித்துக்கொண்டே சொல்வேன். முதுகைச் சொறிந்துகொண்டே சொல்வேன். ஒருமுறை சொல்லி முடித்த பிறகு, சொன்னேனா இல்லையா என்று எனக்கே சந்தேகம் வந்து திரும்பவும் சொன்னேன். மீசை அதற்கு மெட்டே போட்டிருந்தார். நானும் அந்த மெட்டில்தான் சொல்வேன். அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. கவனிக்கவில்லை என்று நினைத்தேன். அண்ணியாவது, கவனிக்காமலாவது.

மூன்றாவது வருஷம் அதே வயல் எங்களுக்கு வந்தது. அதே மக்காச்சோளம். இந்தத் தடவை புழு. ஒரு நாள் தள்ளினால் ஒரு பாத்தி காலியாகிவிடும் என்கிற மாதிரி புழு. வயல்காரர் விடிந்ததிலிருந்து எங்கள் ஓடுபாதையிலேயே நின்றுகொண்டிருந்தார். பயந்துபோன மனிதர், அவர்மேல் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது. எட்டு லோடு அடித்தாயிற்று. மரங்கள் லேசாக அசைய ஆரம்பித்தன. காற்று ஏறிவிட்டால் மருந்து பக்கத்து வயலுக்குப் போய்விடும், வேலையை நிறுத்தியாக வேண்டும். ஒன்பதாவது லோடுக்கு நான் வந்து நின்றேன். எனக்குப் பின்னால் மீசை வந்து நின்றார். முதலாளி கையடக்க ரேடியோவோடு வெளியே வந்திருந்தார். அவர் கையிலிருந்து அதை வாங்கி வயல்காரர் என்னிடம் பேசினார்.

"தம்பி, வடமேற்கு மூலை விட்டுப்போச்சு. புழு அங்கேயிருந்துதான் திரும்பக் கிளம்பும். இந்த லோடுல அதையும் சேர்த்து அடிச்சிடுங்க."

நான் "சரிங்க" என்றேன்.

ஆமாம், சரி என்றேன். அண்ணன் சொன்ன அதே வார்த்தை.

அண்ணி குழாயை மாட்டிவிட்டு நிமிர்ந்தார். என்னையே பார்த்தார். "கம்பி சொல்லுங்க."

"மேற்கே மூணு, கிழக்கே ஒண்ணு, மூலையில பம்புசெட்டுக்கு ஒண்ணு, மொத்தம் அஞ்சு" என்றேன். மெட்டோடு.

கை இடுப்புக்குப் போகவில்லை. "தெற்கே எத்தனை?" என்று கேட்டார்.

"ரெண்டு."

"தெற்கே கம்பியே கிடையாது."

எனக்குச் சுருக்கென்றது. "அண்ணி, காத்து ஏறுது. விளையாடுற நேரமா இது?"

"மூலைய அடிக்கறேன்னு சரி சொன்னியே. அந்த மூலையில என்ன இருக்கு?"

"பம்புசெட்டு..." என்று வாய் தொடங்கியது. அங்கேயே நின்றுவிட்டது.

"உங்க அண்ணனை முறிச்ச கம்பியடா அது. அதையே பாட்டாப் பாடிட்டு அதுக்குள்ள போகப் பார்க்கறியே" என்றார். அண்ணி என்னை ‘டா’ போட்டது அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

அந்த இடத்தில் எனக்குப் புத்தி வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. கம்பெனி முழுக்கக் கேட்கிற ரேடியோவில் என் மானம் போயிற்றே என்றுதான் முதலில் தோன்றியது. "சரி, மூலைக்குப் போகல. திறங்க அண்ணி" என்றேன்.

"இப்படி இருக்கற தலையோட நீ எங்கேயும் போகல. இறங்கி, மண்ணுல வயலை வரைஞ்சு காட்டிட்டுப் போ."

முதலாளி குறுக்கே வந்தார். "ஏம்மா, அவன்தான் போகலங்கறானே. திற."

"மாட்டேன் சார்."

"நான் சொல்றேன், திற."

"ரெண்டு நிமிஷம் குடுங்க. வரைஞ்சு காட்டட்டும்."

"ரெண்டு நிமிஷமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. அந்தக் கைப்பிடியைக் குடுத்துட்டு வீட்டுக்குப் போ. நாளைக்கு வர வேண்டாம்."

அண்ணி வாதாடவில்லை. கயிற்றை அவிழ்த்தார். கைப்பிடியை அவர் உள்ளங்கையில் வைத்தார். "இது கம்பெனியோடது, எடுத்துக்குங்க. திறக்கறதுக்கு யார் வேணும்னாலும் போதும். மூடி வைக்கத்தான் ஆள் வேணும்" என்றார். அப்புறம் வீட்டுக்கும் போகவில்லை. என் இடது இறக்கையைத் தாண்டிப் போய், நான் பார்க்கிற இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

முதலாளியே கைப்பிடியைப் பொருத்தி வால்வைத் திறந்தார். மருந்து ஏறியது. முழுசாக ஏற மூன்று நிமிஷம். என் கண் முன்னால் அளவுமுள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறெதையும் பார்க்க முடியவில்லை. அந்த வீட்டில் அண்ணி ஒருத்தர் சம்பாத்தியம்தான். நான் கிளம்பினால் அண்ணி வீட்டில், கிளம்பாவிட்டால் நானும் வீட்டில். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று முதல் நிமிஷம் தோன்றியது. இரண்டாவது நிமிஷத்தில் நான் ‘ரெண்டு’ என்று சொன்னது காதில் திரும்பக் கேட்டது. எவ்வளவு தைரியமாகச் சொன்னேன். இல்லாத கம்பிக்கு ஆமாம் போட்ட வாய், இருக்கிற கம்பியை ஞாபகப்படுத்தவா போகிறது? மூலைக்குப் போகல என்று இப்போது சொல்கிறேன். வயலுக்குப் போய், ஆறு நடை போய்வந்து, பச்சையாக ஒரு முக்கோணம் கண்ணில் பட்டால், அட விட்டுட்டோமே என்று தோன்றாது என்பதற்கு என்ன உத்தரவாதம்? அண்ணன் என்னைவிடப் பெரிய விமானி. அவருக்கே தோன்றியது.

முள் நிறைந்து நின்றது. முதலாளி குழாயைக் கழற்றிவிட்டு, போகலாம் என்று கட்டைவிரலைக் காட்டினார்.

"சார், லோடு ஏத்தினவர் கம்பி கேக்கணும்" என்றேன்.

"சரி, கம்பி எத்தனை, சொல்லு."

"நான் தப்பாச் சொல்லிட்டேன் சார். நீங்க சொல்லுங்க, நான் சரி பார்த்துக்கறேன்."

"அது... நாலஞ்சு இருக்கும். அதெல்லாம் நீ பார்த்துக்கற வேலைதானப்பா?"

வயல்காரர் பக்கத்திலிருந்து எட்டிப் பேசினார். "வயலுக்குள்ள ஏதுங்க கம்பி? எல்லாம் ரோட்டோரமும் எல்லையும்தான்."

"உங்க பம்புசெட்டு எதுலங்க ஓடுது?" என்று கேட்டேன்.

மனிதர் திரும்பி வயல் இருக்கும் திசையைப் பார்த்தார். பத்து வருஷமாக அந்த பம்புசெட்டில் தண்ணீர் பாய்ச்சுகிறவர். அண்ணன் அறுத்த கம்பியை ஆள் வைத்து இழுத்துக் கட்டியவரும் அவர்தான்.

நான் என்ஜினை நிறுத்தினேன். விசிறி இரண்டு சுற்று சோம்பலாகச் சுற்றிவிட்டு நின்றது. பெல்ட்டை அவிழ்த்துக் கீழே குதித்தேன். பின்னாலும் சத்தம் குறைந்தது. மீசையும் நிறுத்திவிட்டார்.

"என்னய்யா, எல்லாரும் சேர்ந்து நாடகமா? ரெண்டு பேரையும் வேலையை விட்டுத் தூக்கிடுவேன்" என்றார் முதலாளி.

"மூணு பேர் சார்" என்றார் மீசை, ரேடியோவில், ரொம்ப நிதானமாக. "எண்ணிக்கையைச் சரியாச் சொல்லுங்க. இல்லன்னா அந்த அம்மா விட மாட்டாங்க."

நான் சிரிக்கவில்லை. அண்ணி சிரித்தார். கையைக் கட்டியபடியே, தோள் குலுங்க. இரண்டு வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

முதலாளி கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். கோபத்தில் கொட்டகையை இரண்டு தடவை சுற்றி நடந்தார். கலந்த மருந்து தொட்டியில் நிற்கிறது, அன்றைக்கே அடிக்காவிட்டால் வீண். காற்று இன்னும் முழுசாக ஏறவில்லை. மூன்றாவது சுற்றில் அண்ணி முன்னால் வந்து நின்று கைப்பிடியை நீட்டினார்.

"இப்ப என்னதாம்மா வேணும் உனக்கு?"

அண்ணி கைப்பிடியை வாங்கவில்லை. "டிராக்டருக்கு நம்பர் எழுத கறுப்பு பெயிண்ட் ஒரு டப்பா வச்சிருக்கீங்கள்ல, அது வேணும்" என்றார்.

"பெயிண்டா?"

"ஆமா சார். அப்புறம் அந்த மூலைக்கு ப்ளேன் போகாது. முதுகுல தெளிப்பான் மாட்டிக்கிட்டு நடந்து அடிக்கணும். ஒரு மணி நேர வேலை. தம்பி அடிப்பார்."

தம்பி என்றால் நான்தான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மண்ணில் குச்சியால் வயலை வரைந்தேன். மெட்டு இல்லாமல், யோசித்து யோசித்து. அண்ணி பார்த்தார். "மூலைய எதுக்கு விடறோம்?" என்றார். "கம்பிக்காக" என்றேன். தலையை ஆட்டினார். மீசையும் இறங்கி வந்து, டீச்சரிடம் சிலேட்டைக் காட்டுகிற பையன் போல, பக்கத்தில் தன் படத்தை வரைந்துவிட்டுப் போனார். இரண்டு பேரும் காற்று ஏறுவதற்குள் அடித்து முடித்தோம். பச்சை முக்கோணம் ஒவ்வொரு நடையிலும் கண்ணில் பட்டது. ஒவ்வொரு தடவையும், விட்டதுடா, விட்டுப்போனது இல்லை என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன்.

பிறகு தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு அந்த மூலைக்குள் நடந்தேன். வயல்காரரும் இன்னொன்றை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். பயிர் தோளுக்கு மேல் நின்றது. நடுவில் ஒரு இடத்தில் தலையைத் தூக்கிப் பார்த்தேன். கம்பி நேர் மேலே போயிற்று. அண்ணன் அறுத்த இடத்தில் இரண்டு முனையையும் சேர்த்து முறுக்கியிருந்தார்கள். அந்த முறுக்கு மட்டும் கொஞ்சம் தடித்து, வெயிலில் மின்னியது. அவ்வளவு மெல்லிசான கம்பி. அதை இத்தனை பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை. அங்கே நின்று கொஞ்சம் அழுதேன். முகமூடி போட்டிருந்ததால் வயல்காரருக்குத் தெரிந்திருக்காது.

திரும்பி வந்தபோது அண்ணி வால்வுக்கு மேலே கொட்டகைச் சுவரில் எழுதி முடித்திருந்தார். எழுத்து ஒன்று மேலே, ஒன்று கீழே. முதலாளி அதைப் படித்துவிட்டு, "அறிக்கையிலேயே இல்லாததை எதுக்கும்மா சுவத்துல எழுதற? அழிச்சிடு" என்று சொல்லியிருக்கிறார். "அறிக்கையில இல்லாததாலதான் சார் எழுதறேன்" என்றாராம் அண்ணி. கைப்பிடி திரும்ப அவர் இடுப்பில் இருந்தது.

அது முதல் ‘கம்பி சொல்லுங்க’ என்கிற கேள்வி ஒழிந்தது. ஒரு தடவை கிழக்கே என்ன என்பார். ஒரு தடவை, எந்த இடத்தை எதுக்கு விட்டிருக்க என்பார். ஒரு தடவை வேண்டுமென்றே பொய் சொல்லி, அதற்கு ஆமாம் போடுகிறோமா என்று பார்ப்பார். எந்த லோடில் எது வரும் என்று தெரியாது. மெட்டுக் கட்ட முடியாமல் மீசை திணறுகிறார்.

அடுத்த விடுமுறை நாளில் அண்ணன், என்னை அங்கே கூட்டிக்கொண்டு போ என்றார். விழுந்த பிறகு அவர் ஓடுபாதைப் பக்கமே வந்ததில்லை. நாற்காலியைக் கொட்டகைச் சுவர் முன்னால் கொண்டு நிறுத்தினேன். அண்ணி பக்கத்தில் நின்றார். அண்ணன் மெதுவாக, வாய்விட்டே படித்தார்.

‘வடமேற்கு மூலை விட்டுப்போச்சு என்று பைலட்டிடம் சொன்னது நான். அது விட்டுப்போனதில்லை. கம்பி இருந்ததால் அவர் விட்டது. ஏன் விட்டார் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. கேட்டுவிட்டுத் திற.’

கீழே தன் முழுப் பெயரையும் எழுதியிருந்தார்.

அண்ணன் படித்து முடித்தார். "கையெழுத்து கோணலாத்தான் இருக்கு" என்றார். அப்புறம், "நான்னு போட்டு, பேரையும் எதுக்குப் போட்ட? வர்றவன் போறவன் எல்லாம் உன்னைத்தான் பேசுவான்" என்றார்.

"பேசட்டும்" என்றார் அண்ணி. "பேசறப்பவாவது அந்த மூலை ஞாபகம் வரும்ல."